அம்மாவின் சுண்டுவிரலும் அப்பாவின் ஒப்பந்தமும்

அப்பா அம்மாவைச் சந்தேகப்பட ஆரம்பித்தது அவளுடைய இடது கைச் சுண்டுவிரலை வைத்து.

மற்ற வீடுகளில் சந்தேகத்துக்குப் போன், சட்டைப்பை, புது சென்ட் என்று ஆயிரம் காரணம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு சுண்டுவிரல். அம்மா கீபோர்டின் இடது மூலையில் அதை ஊன்றுவாள். இன்னொரு விரலால் ஏதோ ஓர் எழுத்தைத் தட்டுவாள். பக்கம் முழுக்கக் கறுத்துப்போகும். இன்னொரு தட்டு. பக்கமே காணாமல் போகும். இன்னொரு தட்டு. போனது அப்படியே திரும்பி வந்து நிற்கும்.

இதைக் கதவோரம் நின்று பார்த்த அப்பா என்னைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பார்த்தியா? மொத்தத்தையும் அழிச்சா. மறுபடி கொண்டு வந்தா."

"அதுக்குப் பேரு கண்ட்ரோல் இசட்பா. பண்ணினது வேண்டாம்னா திரும்பப் பழசுக்குப் போறது."

"வந்தது பழசுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இப்படிக் கேட்டால் கண்ட்ரோல் இசட்டைக் கண்டுபிடித்தவரே திணறுவார். 

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஓர் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதும் பிரிவுக்குத் தலைவர். அங்கே எழுதித் தீராததை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் மேல் எழுதுவார். பற்பசையை அடியிலிருந்து பிதுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. ஈரத் துண்டை நாற்காலியில் போடக் கூடாது என்று ஒன்று. எங்கள் ஃபிரிட்ஜ் என்ன நிறம் என்று எனக்கே மறந்துவிட்டது, அவ்வளவு தாள் ஒட்டியிருக்கிறது. கட்டடத்தில் அவருக்குப் பெயரே சுற்றறிக்கைதான்.

ஆனால் டைப் அடிப்பது ஒற்றை விரலால். தலைப்பை நடுவில் வைக்க ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்துவார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஒரு கண்ணை மூடி, சுவரில் படம் மாட்டுகிறவர் மாதிரி பார்ப்பார். அடுத்த பக்கம் போக வேண்டுமென்றால், கிணற்றில் வாளி இறக்குவதுபோல என்டரைத் தட்டிக்கொண்டே போவார். ஒரு வரியை நகலெடுக்க மவுஸைப் பிடித்துக்கொண்டு மெனு மெனுவாக ஏறி இறங்குவார். இரண்டே விசையில் முடியும் என்று சொன்னால் கோபம் வரும். "நேர்மையான மனுஷன் மெனு வழியா போவான். ஒளிக்கறதுக்கு ஏதாவது இருக்கறவன்தான் குறுக்கு வழியில போவான்" என்பார்.

அம்மா அந்தக் குறுக்கு வழியைக் கற்றது கட்டடத்துக்குக் கீழே இருக்கும் நகல் கடையில். பேச்சுத் துணைக்குப் போனவள், கூட்டம் முட்டும்போது கடைக்கார அக்காவுக்குக் கை கொடுத்தாள். கொடுத்த கை பழகிவிட்டது. வெட்ட எக்ஸ், ஒட்ட வி, சேமிக்க எஸ் என்று முருங்கைக்கீரை உருவுகிற வேகத்தில் உருவித் தள்ள ஆரம்பித்தாள். அக்கா பார்த்தாள், திங்கட்கிழமையிலிருந்து முழுநேரம் வந்துவிடு என்றாள். அம்மா சாப்பாட்டு மேஜையில் அதை அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள். அப்பாவுக்குப் புரை ஏறியது.

வேண்டாம் என்று சொல்ல அவர் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பெண்கள் முன்னேற்றம் பற்றி அவரே ஆபீஸில் எழுதிய சுற்றறிக்கை ஃபிரிட்ஜில் அவர் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் வேறு மாதிரி சொன்னார். தாராளமாகப் போகலாம். ஆனால் வீட்டு வேலை எதுவும் தன் தலையில் விழாது என்று ஓர் ஒப்பந்தம் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, மாடி வக்கீல் சாட்சி போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் கடை இல்லை.

அம்மா தட்டை ஓரமாக நகர்த்தினாள். "சரி. நீங்க ஒத்துக்கிட்டு எழுதறதுக்கு நானும் ஒத்துக்கறேன். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள்.

"நானா மாறுவேன்? எழுத்துல வந்துட்டா அது கல்வெட்டு" என்றார் அப்பா.

இதில் எனக்கு என்ன என்று கேட்பீர்கள். நான் பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அம்மா கடைக்குப் போய், அப்பா அடுப்பங்கரைப் பக்கம் வராவிட்டால் மிச்சம் இருக்கும் தலை என்னுடையது. அதனால் அப்பாவிடம் நேராகவே சொன்னேன். மகளைச் சமையலறை வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் நான் உங்கள் கட்சி. அந்த நிமிடமே எழுதினார். அந்த நிமிடமே நான் அவருடைய ஒற்றன்.

ஒப்பந்தம் ஆபீஸ் தமிழில் வளர்ந்தது. சும்மா கணவன், மனைவி என்று எழுத அவருக்குக் கை வராது. கணவர் அவர்கள், மனைவி அவர்கள் என்றுதான் எழுதுவார். காலையில் எழுந்து தேநீர் தயாரிப்பது மனைவி அவர்களின் பொறுப்பு. கணவர் அவர்கள் செய்தித்தாள் படிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. இப்படியே மூன்று பக்கம் ஓடியது. ஆனால் ஒற்றை விரல் டைப்பிங்கில் எழுத்துப்பிழை ஈசல் மாதிரி மொய்த்தது. திருத்துவதற்கு வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. வேறு வழியில்லாமல் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தார். பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.

இங்கேதான் அப்பா முதல் தப்பைப் பண்ணினார். திரையைப் பார்க்காமல் அம்மாவின் கையையே பார்த்தார்.

அம்மா தட்டினாள். அப்பா என் காதில் கேட்டார். நான் பெயர் சொன்னேன். அது கண்ட்ரோல் எஸ்பா, சேமிக்கறாங்க. அது கண்ட்ரோல் பி, எழுத்தைத் தடிமனாக்கறாங்க. அது கண்ட்ரோல் ஈ, தலைப்பை நடுவுல வைக்கறாங்க. கடைசியாகச் சொன்னது அவருக்கு வலித்தது. தான் ஸ்பேஸ் பாரில் ஊர்கோலம் நடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்த தலைப்பு அது.

எல்லாம் முடிந்து அம்மா எழுந்திருக்கப் போனாள். போகிறவள் ஒரு தடவை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சுண்டுவிரலை மூலையில் ஊன்றினாள். வலது கையை மெதுவாகத் தூக்கி, எச் விசையை ஒரு தட்டு. சின்னதாக ஒரு பெட்டி திறந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் மூடிவிட்டாள்.

"அது என்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க. இருக்கான்னு பார்த்தேன்."

அம்மா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். அப்பாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நான் விளக்கிச் சொன்னேன். அந்தப் பெட்டியில் ஒரு சொல்லைக் கொடுத்து, பக்கத்தில் வேறொரு சொல்லைக் கொடுத்தால் போதும். பக்கம் முழுக்க எங்கெல்லாம் பழையது இருக்கிறதோ அங்கெல்லாம் புதியது வந்து உட்கார்ந்துவிடும். பொத்தானில் 'மாற்று' என்று போட்டிருக்கும். அப்பா அதற்கு முன்னால் ஓர் 'ஏ' சேர்த்துத்தான் படித்தார்.

"அப்படின்னா, கணவர்ங்கற இடத்துல எல்லாம் மனைவி..."

"மனைவிங்கற இடத்துல எல்லாம் கணவர். ஒரு நிமிஷ வேலைப்பா."

அப்பா ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார். கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவரை இன்னும் கலக்கியது. ஏன் மாற்றவில்லை? மாற்றத் தெரிந்தவள் மாற்றாமல் ஏன் போனாள்? பதிலையும் அவரே கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது. கோப்பு பென் டிரைவில் நகல் கடைக்குப் போக வேண்டும். கடை அவள் கோட்டை. அங்கே வைத்து மாற்றி அச்செடுத்து நீட்டுவாள்.

அப்பாவே கூடப் போய் நிற்கலாமே என்றேன். நின்றால் இன்றைக்கு மாற்ற மாட்டாள், வேறு நாள் வேறு மாதிரி கழுத்தை அறுப்பாள் என்றார். அச்சானதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமே என்றேன். அதிலென்ன ருசி இருக்கிறது என்று கேட்டார். அவருக்கு அம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்தால் போதவில்லை. அவள் வெட்டிய குழியில் அவளே விழ வேண்டும்.

பால்கனியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவர் திடீரென்று நின்றார். பல் தெரிந்தது.

"அவ மாத்துவா. நிச்சயம் மாத்துவா. அதுக்கு முன்னாடியே நாம மாத்தி வெச்சுட்டா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா இப்போதே தலைகீழாக மாற்றிக் கொடுப்பார். அம்மா படித்துப் பார்க்க மாட்டாள், அவள்தான் ஏற்கெனவே திருத்திவிட்டாளே. கடையில் கண்ட்ரோல் எச் அடித்துத் தலைகீழாக்குவாள். தலைகீழானது மறுபடி தலைகீழானால் நேர். நேரான ஒப்பந்தத்தில் தன் கையாலேயே கையெழுத்துப் போடுவாள்.

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டதும் எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. எங்கப்பாவுக்கு இவ்வளவு மூளையா என்று நினைத்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா குறுக்கு வழிக்கு வந்தார். கண்ட்ரோலுக்கு ஒரு கை, எச்சுக்கு ஒரு கை, ஏதோ அணைக்கட்டு மதகைத் திறக்கிறவர் மாதிரி இரண்டு கையாலும் அழுத்தினார். கணவர் என்பதை நேராக மனைவி என்று மாற்றினால் எல்லாமே மனைவி ஆகிவிடும், அப்புறம் பிரிக்க முடியாது என்று தடுத்தேன். நடுவில் வேறு ஒரு சொல் வேண்டும். என்ன சொல் என்று கேட்டார். இதில் வராத எதுவும் போடலாம் என்றேன். யோசித்து 'ஒட்டகம்' என்று போட்டார்.

ஆக, கணவர் எல்லாம் ஒட்டகம் ஆனது. ஒட்டகம் அவர்கள் செய்தித்தாள் படிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று திரையில் ஓடியது. அப்புறம் மனைவி எல்லாம் கணவர். ஒட்டகம் எல்லாம் மனைவி. அப்பாவின் 'அவர்கள்' புண்ணியத்தில் ஆண், பெண் விகுதி எதுவும் உடையவில்லை, எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. தைத்த தையல் தெரியாமல் துணி புரண்டுவிட்டது.

"பெரிய சக்தி இது" என்று சொல்லிக்கொண்டே அப்பா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் அம்மா பென் டிரைவோடு இறங்கினாள். அடையாள அட்டையை லேமினேட் பண்ண வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கடைக்கார அக்கா சூடான இயந்திரத்தில் யாருடைய சான்றிதழையோ நுழைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் அவள் தோள் லேசாகக் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

சுண்டுவிரல் மூலைக்குப் போனது. எச். பெட்டி திறந்தது. அம்மா எல்லாவற்றையும் எனக்காகவே போலப் பொறுமையாகச் செய்தாள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. மூன்றாவது தடவை 'மாற்றப்பட்டது' என்று செய்தி வந்ததுதான் தாமதம், அட்டையைக்கூட வாங்காமல் மாடிக்கு ஓடினேன்.

"அழுத்தினாளா?"

"அழுத்தினாங்க."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும். நடுவுல கழுதைன்னு போட்டாங்க."

அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. "நான் ஒட்டகம்னு போட்டேன். அவ எதுக்குக் கழுதைன்னு போடறா?" என்றார். ஆனால் சீக்கிரமே தேறிவிட்டார்.

சாயங்காலம் மாடி வக்கீல் வந்தார். காலில் வீட்டுச் செருப்பு. எதையும் படித்துப் பார்க்காமல் சாட்சி போட மாட்டேன் என்பது அவர் பழக்கம். தாள்களை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். அப்பா பாய்ந்து தடுத்தார். முதலில் கையெழுத்து, அப்புறம் படிப்பு என்றார். வக்கீல் தன் தொழிலிலேயே இப்படி ஒரு வரிசையைக் கேட்டதில்லை என்றார்.

"ஒரு தடவை படிச்சிடலாமேங்க" என்றாள் அம்மா. குரல் அவ்வளவு அடக்கம்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களை நம்பாம வேற யாரை நம்பறது. குடுங்க பேனாவை."

அம்மா போட்டாள். அப்பா வால் வைத்த எழுத்துகளில், அடியில் இரண்டு கோடு இழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கால் மேல் கால்.

"இப்பப் படிங்க வக்கீல் சார். நல்லா சத்தமா. எல்லாருக்கும் கேக்கணும்."

வக்கீல் படித்தார். காலையில் எழுந்து தேநீர் தயாரிப்பது கணவர் அவர்களின் பொறுப்பு.

அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். காது கேட்ட செய்தி முகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மனைவி அவர்கள் செய்தித்தாள் படிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பதில் சிரிப்பு ஓர் ஓரமாக இறங்கியது. கணவர் அவர்கள் தலைமுடியை இறுகக் கட்டிக்கொண்ட பின்பே சமையலறைக்குள் நுழைய வேண்டும் என்ற இடத்தில் வக்கீல் நிறுத்தி, அப்பாவின் வழுக்கையை ஒரு தடவை பார்த்தார். மனைவி அவர்கள் மீசை திருத்தும் நேரத்தில் குளியலறைக் கதவைத் தட்டக் கூடாது என்பதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சார், இது நீங்களே எழுதினதுதானே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

வக்கீல் கடைசி விதிக்கு வந்தார். இதில் எந்தத் திருத்தமும் மனைவி அவர்களின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு மட்டுமே செய்யப்படும்.

"யாரோ மாத்தியிருக்காங்க" என்றார் அப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நடுவுல யாராவது கை வெச்சிருந்தா இது செல்லாது. யாரு வெச்சாங்க, சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"கடையில போய் நான் அச்சுதாங்கண்ணா எடுத்தேன். அவர் குடுத்த கோப்பு அப்படியே இருக்கு. வேணும்னா அதையே திறந்து பார்த்துடலாம். எந்தக் கம்ப்யூட்டர்ல, எப்ப மாத்தினாங்கன்னு எல்லாம் தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறந்தார். நான்தான் மாற்றினேன், பெண்டாட்டி மாற்றுவாள் என்று பயந்து முன்கூட்டியே மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். மாடி வக்கீலிடம் சொன்னால் கட்டடம் முழுக்கச் சொன்ன மாதிரி. திறந்த வாயை அப்படியே மூடினார். வக்கீல் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியேறிப் போனார். போகும்போது அவருக்கும் இருமல் வந்தது.

நான் அம்மாவைச் சமையலறையில் மடக்கினேன். மூன்று தடவையும் என் கண்ணால் பார்த்தேனே என்றேன்.

"பார்த்தே. நீ படியேறி ஓடற சத்தம் கேட்டுச்சு. மூணு தடவை கண்ட்ரோல் இசட்டைத் தட்டினேன், அவர் குடுத்தபடியே திரும்பி வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா அதையும் பார்த்திருப்பே. உனக்கு எப்பவும் அவசரம்."

"அன்னைக்கு வீட்டுல எதுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து மூடினீங்க?"

"எனக்கு வேலை ஆகறதுக்கு இல்லடி. அவருக்கு வேலை குடுக்கறதுக்கு" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலையில் அப்பா அடுப்புக்கு முன்னால் நின்றார். என்னைக் கூப்பிட முடியாது. அவரே போட்ட விதி, அது மட்டும் எந்தப் பக்கம் புரட்டினாலும் மாறாமல் நின்றது. நான் வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தேன். தேயிலை கொதித்தது. அலமாரியில் நீல டப்பா ஒன்று, சிவப்பு டப்பா ஒன்று. இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது.

"சர்க்கரை எதுல இருக்கு?" என்று அப்பா உள்ளே பார்த்துக் கேட்டார்.

அம்மா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீலத்துல."

அப்பா நீல டப்பாவை எடுத்தார். பாதியில் நிறுத்தினார். மூடியை முகர்ந்தார். என்ன இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டாள் என்று முணுமுணுத்தார். நீலம்தான்பா என்று நானும் சொன்னேன். நீயும் அவள் கட்சி என்பது எனக்குத் தெரியும் என்பதுபோல என்னைப் பார்த்தார். நக்கிப் பார்த்துவிடுங்கள் என்றேன். அதைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள் என்றார். நீல டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெற்றிப் புன்னகையோடு சிவப்பு டப்பாவிலிருந்து எல்லாக் கோப்பைக்கும் தாராளமாகப் போட்டுக் கலக்கினார்.

சர்க்கரை நீல டப்பாவில்தான் இருந்தது.